கல்லுக்கு யார் காசு? – காரவள்ளிக்கு வந்திருக்கும் இளம் நில அளவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரப் பகுதி உங்கள் பொறுப்பில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. அந்த வழியாகப் போகிற வெளியூர்க்காரர்கள் வளைவை எண்ணுகிற அவசரத்தில் காரவள்ளியைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும். அடிவாரம் சேந்தமங்கலம் வட்டம். ஏறிப் போனால் கொல்லிமலை வட்டம். நடுவில் வனத்துறையின் காப்புக்காடு. இந்த மூன்றும் ஒட்டுகிற இடத்தில் நிற்கும் கல்லைப் பற்றி யாரிடம் கேட்டாலும், அது அடுத்தவர் பார்க்க வேண்டிய கல் என்றே பதில் வரும். எனக்குத் தெரிந்து உங்கள் வேலையில் பாதித் தலைவலி அந்தப் பதிலிலிருந்துதான் வரப்போகிறது.

கருவி விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. ஒரே அறிவிப்பில் நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1,089 இடங்களை அறிவித்தது. அதற்குப் பிறகு துறைக்குள் வந்த பிள்ளைகள் டோட்டல் ஸ்டேஷனையும் டி.ஜி.பி.எஸ்.ஸையும் எடுத்துக் கையாளுகிற லாகவத்தைப் பார்க்கிறேன். சங்கிலி இழுத்துக் கை காய்த்த எங்களுக்கு அது பொறாமைதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. நில அளவைக் கல், அது காணாமல் போவது, திரும்ப நடுவதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி. இதைப் பயிற்சியில் யாரும் விரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் சட்டம். 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தை வாங்கி மேசையில் வையுங்கள், சின்னப் புத்தகம்தான். அதன் 15-ஆம் பிரிவு, நிலத்தின் எல்லையிலும் உள்ளேயும் இருக்கும் அளவைக் குறிகளைப் பராமரிப்பதும் புதுப்பிப்பதும் பழுது பார்ப்பதும் பதிவு பெற்ற நிலவுடைமையாளரின் கடமை என்கிறது. அவர் செய்யாவிட்டால் அரசு தன் செலவில் செய்துகொள்ளலாம். பிறகு அந்தச் செலவை இன்னின்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். கல் பிடுங்கப்படாமல் காவல் காப்பதும், போனால் மேலே தெரிவிப்பதும் கிராம அலுவலர் வேலை. பிடுங்குகிறவனுக்குத் தண்டனையும் உண்டு. அரசு அதிகாரி நட்ட எல்லைக் குறியை அழித்தாலோ நகர்த்தினாலோ ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 326-ஆம் பிரிவுக்குள் தொடர்கிறது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் வசூலை நினைத்துப் பாருங்கள். ஒரு புலத்தின் மூலையில் ஒரு கல் போயிருக்கிறது. அந்த மூலை நான்கு பட்டாதாரர்களுக்குப் பொது. ஒருவர் இறந்துபோய் வாரிசுகள் திருப்பூரில் இருக்கிறார்கள், ஒருவர் பெயரில் பட்டா மாறவே இல்லை. நால்வருக்கும் அறிவிப்பு அனுப்பி, பங்கு பிரித்து, வராவிட்டால் வருவாய் வசூல் நடவடிக்கை எடுத்து, கடைசியில் கைக்கு வருவது ஒரு கருங்கல்லின் விலை. தபால் செலவும் தாள் செலவும் அதை விழுங்கிவிடும். எந்த அலுவலர் இதில் இறங்குவார்? ஆகவே நடைமுறையில் கல் போனால் போனதுதான். யாராவது சண்டை போட்டுக்கொண்டு மனுக் கொடுக்கும் வரை அந்த மூலை வெறும் மூலை.

மலையில் இந்தச் சட்டம் இன்னும் ஒருபடி அநியாயமாக இறங்குகிறது. கொல்லிமலையில் பட்டாதாரர் என்றால் பெரும்பாலும் சிறு நிலம் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயி. அவர் கல்லைப் பிடுங்கியிருக்க மாட்டார். சாலையை அகலப்படுத்த வந்த ஜே.சி.பி. தள்ளியிருக்கும், தடுப்புச் சுவருக்கு வானம் தோண்டியவர்கள் மண்ணோடு அள்ளியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மண் சரிந்திருக்கும். அரசு வேலையில் போன கல்லை அவர் காசு போட்டு நட வேண்டும் என்பது என்ன நியாயம்? சமவெளியில் ஒரு கல்லை டிராக்டரில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். மலையில் சாலை முடிகிற இடத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். கல்லின் விலையைவிடக் கூலி அதிகம்.

நிலத்தை அளப்பதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் அரசிடம் பணம் இருந்திருக்கிறது. உங்கள் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 வரை சேலத்தோடு இருந்தது. 1792-இல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவாகி வளர்ந்த மண் இது. வரி வர வேண்டுமென்றால் அளக்க வேண்டும்; அதனால் அளக்கக் காசு வந்தது. பிறகு 1979-இல் நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் தொடங்கியது, ஏக்கர் ஹெக்டேரானது. அப்போது பதிவேட்டில் புகுந்த பிழைகளுக்கு இன்றும் மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் மேசையிலும் நாளைக்கு நாலு கிடக்கும். 2008-இல் நிலப் பதிவேடுகளை நவீனமாக்கும் தேசியத் திட்டம் வந்தது. 2016 ஏப்ரலிலிருந்து அது டிஜிட்டல் இந்தியா என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு, நூற்றுக்கு நூறு ஒன்றிய அரசின் பணத்தில் நடக்கிறது. பதிவேடுகளைக் கணினியாக்க, வரைபடங்களை மின்னணு வடிவில் மாற்ற, மறு அளவை செய்ய, ஆவண அறை கட்ட என்று தலைப்புகள் இருக்கின்றன. 2020-இல் குடியிருப்பு மனைகளுக்கு ஸ்வாமித்வா. 2025-இல் நகரங்களுக்கு நக்ஷா. ஒவ்வொன்றும் புதிதாக அளக்க, புதிதாக வரைய. ஏற்கெனவே நட்டு வைத்திருப்பதை ஆண்டுதோறும் காப்பது எந்த அறிவிப்பிலும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. திறந்து வைப்பதற்கு ரிப்பன் கட்ட முடியாத வேலை அது.

பக்கத்திலேயே ஒரு கல் நன்றாக வாழ்வதையும் பார்ப்பீர்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல். அதுவும் அரசு நட்டதுதான், அதுவும் கல்தான். வண்ணம் அடித்து, எழுத்தைப் புதுப்பித்து வைக்கிறார்கள். ஆயுத பூஜை வந்தால் சாலைப் பணியாளர்கள் அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டுப் பொரி படைக்கிறார்கள். சாலைப் பராமரிப்பு என்ற செலவுக்குள் அதற்கு இடம் இருக்கிறது. அதைக் கவனிக்க ஆளும் இருக்கிறார். பத்தடி தள்ளி வேலிக்குள் நிற்கும் நம்முடைய கல்லைப் பற்றி யாருக்கும் கணக்கு இல்லை. கிலோமீட்டர் கல் போனால் ஒருவர் ஊர் தவறுவார், கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வருவார். நம் கல் போனால் அண்ணன் தம்பிக்குள் அரிவாள் எழும்.

ஆகவே இந்தக் காசு எங்கிருந்து வர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. நிலம் கைமாறும்போது அரசு வாங்குகிற பணத்திலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் 2023-இல் பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையுமாக 7. பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு காட்டை வாங்குகிறவர், பொதுவான விகிதப்படி, 90,000 ரூபாய் கட்டுகிறார். பத்திரத்தில் ‘நான்கு எல்லைக்குட்பட்ட’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்த நான்கு எல்லையும் நிலத்தில் இருக்கின்றனவா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அந்த 90,000-இல் கல்லுக்கென்று ஒதுக்கியது ஒரு ரூபாய்கூட இல்லை.

இது நான் கற்பனையாகச் சொல்கிற ஏற்பாடு அல்ல. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில், ஆவணங்களைப் பதிவு செய்யும்போது மாவட்ட நிர்வாகம் அதிகபட்சம் பத்து டாலர் வரை தனியாக வாங்கி, பொது நில அளவையின் மூலைக் குறிகளைத் தேடவும் புதுப்பிக்கவும் என்றே ஒரு நிதியில் போட்டு வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. மிச்சிகன் 1990-இல் இதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது. ஆவணப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு மாநில நிதிக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்டங்களுக்கு மானியமாக வந்து, நூற்றைம்பது வருடத்துக்கும் முன்பு மரக்குச்சி நட்டு அடையாளம் செய்த மூலைகளையெல்லாம் தேடிப் பிடித்து நிலையான குறி வைக்கிறார்கள். அங்கே நிலவுடைமையாளரைத் துரத்திக் காசு கேட்பதில்லை. நில வியாபாரமே நிலக் குறியைக் காப்பாற்றுகிறது. அங்குள்ள முறையை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நம்மிடம் புல எண் வாரியாக எத்தனையோ மடங்கு சின்னத் துண்டுகள். கற்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் கூடுதல். ஆனால் காசு வரும் வழி சரி என்பதில் சந்தேகம் இல்லை.

நீங்களும் நானும் கேட்டால் அரசு நாளைக்கே தரப்போவதில்லை. அதுவரை மூலைகள் காத்திருக்காது. அதனால் களத்துக்கு வருகிறேன்.

மலையடிவாரத்தில் கல் காணவில்லை என்றதும் பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். சரிவில் மண் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் மண் கிளறிவிடப்படுகிறது. அடுத்த மழையில் அது கீழ்ப்பக்கம் போய்த் தங்குகிறது. ஆகவே காட்டின் மேல் ஓரத்துக் கல் வேர் தெரிந்து சாய்ந்து விழும், கீழ் ஓரத்துக் கல் அப்படியே புதைந்துபோகும். மேலே விழுந்த கல் உருண்டு வந்து கீழே வரப்பில் கிடக்கும்; யாரோ அதை நிமிர்த்தி நட்டும் வைத்திருப்பார்கள். நிற்கிறதே என்று அதிலிருந்து அளக்க ஆரம்பித்தால் போச்சு.

கீழ் ஓரத்தில் தேடும்போது புலப்படத்தை விரித்து, இரண்டு பக்கத்து நல்ல கற்களிலிருந்து தூரம் போட்டு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஒரு முழ வட்டத்துக்குள் கடப்பாரையை மெதுவாக இறக்குங்கள். வேர் என்றால் கடப்பாரை அமுங்கித் திரும்பும். ஓடைக்கல் என்றால் வழுக்கும். நட்ட கல்லின் தலையில் பட்டால் ‘டொக்’கென்று நின்று, அதிர்வு உள்ளங்கைக்கு வரும். அங்கே மண்வெட்டி போடுங்கள். கல் கிடைக்காவிட்டாலும் குழி கிடைக்கும். இதைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். சுற்றியுள்ள செம்மண் இறுகிக் கிடக்க, நடுவில் ஒரு சதுரம் மட்டும் கறுத்துப் பொதபொதவென்று இருந்தால், அது கல் நின்ற குழி. மேல்மண் அதற்குள் இறங்கி நிரம்பியிருக்கும். ஓரத்தைக் கத்தியால் சீவிப் பார்த்தால் பழைய கடப்பாரைத் தடம்கூடத் தெரியும். கல்லைத் தூக்கிக்கொண்டு போகலாம். குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தக் குழியைச் சாட்சிகளுக்குக் காட்டி, படம் எடுத்து, எழுதி வைத்துவிட்டு அதே இடத்தில் புதுக்கல் நடுங்கள்.

கல் எங்கே போயிருக்கும் என்று அக்கம்பக்கத்தையும் பாருங்கள். துணி துவைக்கிற கல்லாக, மாடு கட்டுகிற முளையாக, வாசற்படியாக அது கிடக்கலாம். தலையில் உளி வைத்து வெட்டிய குறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் அந்த வீட்டுக்காரரிடம் சட்டப் பிரிவை எடுத்து வீசாதீர்கள். பெரும்பாலும் அவருடைய அப்பா காலத்தில் உழும்போது வந்த கல்லாக இருக்கும். மரியாதையாகக் கேட்டால் எங்கே எடுத்தது என்று சொல்வார்கள். அந்தத் தகவல்தான் உங்களுக்கு வேண்டும், கல் அல்ல.

முன்பெல்லாம் இதைக் கேட்க ஒரு ஆள் இருந்தார். கர்ணம். பரம்பரையாக அதே ஊரில் இருந்து, எந்தக் கல் எந்தப் பனைமரத்துக்கு எத்தனை அடி என்று மனப்பாடமாகச் சொல்வார். அவரைப் பற்றிய புகார்களும் உண்மைதான். அந்த மனப்பாடத்தை அவர் விலைக்கும் விற்றார். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தது நல்லதற்குத்தான். ஆனால் அவரோடு போன நினைவை வாங்கி எழுதி வைக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மாறுதலில் வந்து மாறுதலில் போகிற கிராம நிர்வாக அலுவலருக்கு ஊர்க் கல்லெல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆகவே நினைவைத் தாளில் ஏற்றுவது உங்கள் தலைமுறைக்கு விழுந்த வேலை.

புதுக்கல் நடும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, குழிக்குள் கல்லுக்கு அடியில் ஒரு கை அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும் போடுங்கள். கரி மண்ணில் மக்காது. நாளைக்குக் கல்லைப் பிடுங்கினாலும் தோண்டிப் பார்க்கிறவனுக்கு அது சாட்சி சொல்லும். பழைய யோசனைதான், எல்லை வழக்குகளைப் பேசும் மனுநூலின் எட்டாம் அத்தியாயமே கரி, சாம்பல், செங்கல், ஓட்டாஞ்சில்லு போன்றவற்றை எல்லையில் மறைவாகப் புதைக்கச் சொல்கிறது. இன்னொன்று, பக்கத்துணை. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டில், தானம் கொடுத்த நிலத்தைப் பெண் யானையை விட்டுச் சுற்றிவரச் செய்து, எல்லை நெடுகக் கல்லோடு கள்ளியையும் நட்டார்கள் என்று வருகிறது. கல்லைப் பிடுங்கினால் கள்ளி காட்டிக்கொடுக்கும். கள்ளியை வெட்டினால் கல் நிற்கும். உங்கள் அடிவாரத்தில் கிளுவை வேலி இருக்கும் இடங்களில் வேலி எங்கே திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலி இல்லாத இடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நகராத மூன்று பொருட்களிலிருந்து தூரம் எழுதுங்கள்: பாறை முகடு, கிணற்றுச் சுவர், பாலத்தின் கைப்பிடிச்சுவர். சில்வர் ஓக் மரத்திலிருந்து தூரம் எழுதாதீர்கள். மிளகுக்கொடி ஏறியிருக்கிறதே என்று அது நிற்கும் என நினைப்பீர்கள். விலை வந்தால் வெட்டிவிடுவார்கள்.

சரிவில் அளவு எடுக்கும்போது ஏமாறாதீர்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள், கருவியே கிடைத்தளத் தூரத்தைக் கொடுத்துவிடுமே என்று. கொடுக்கும். ஆனால் உங்களோடு தகராறில் நிற்கும் விவசாயி கயிறு போட்டுத் தரையோடு தரையாக அளந்து வைத்திருப்பார். முப்பது டிகிரிச் சரிவில் தரையில் 20 மீட்டர் இருந்தால் படத்தில் அது 17.32 மீட்டர்தான். ‘என் காட்டில் ரெண்டரை மீட்டரைக் காணோம்’ என்று அவர் கத்துவது பொய்யல்ல. உட்கார்ந்து ஒரு குச்சியைச் சாய்த்தும் கிடத்தியும் வைத்து நிழலைக் காட்டி விளக்குங்கள். அந்தப் பத்து நிமிடம் ஒரு வழக்கை மிச்சப்படுத்தும். அதேபோல, பழைய அளவைப் பார்க்கும்போது அது லிங்க்கா மீட்டரா என்று முதலில் பாருங்கள். கண்டர் சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீட்டர், மெட்ரிக் சங்கிலி 20 மீட்டர். பத்துச் சங்கிலியில் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மலையடிவாரத்துச் சின்னக் காட்டில் அது ஒரு வரிசை வாழை.

இனி உங்கள் தலைமுறையின் நம்பிக்கைக்கு வருகிறேன். ‘அண்ணா, இனிமேல் கல்லே எதற்கு? செயற்கைக்கோள் அளவுக்குத் திருத்தம் அனுப்பும் கார்ஸ் நிலையம் வந்துவிட்டது, சென்டிமீட்டர் துல்லியத்தில் ஆயத்தொலைவு எடுத்து வைத்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அதே புள்ளியைத் தரையில் காட்டலாமே’ என்று இளைஞர் ஒருவர் என்னிடம் வாதாடினார். பாதி சரி. ஆயத்தொலைவு எடுத்து வையுங்கள், கட்டாயம் எடுங்கள். ஆனால் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. இருபது வருடத்தில் ஒரு மீட்டர். கல் தரையோடு சேர்ந்து நகர்கிறது. ஏட்டில் எழுதிய எண் எழுதிய இடத்திலேயே நிற்கிறது. எந்தக் குறிப்புச் சட்டகத்தில், எந்த ஆண்டு நிலவரப்படி எடுத்தது என்று எழுதாமல் விட்ட எண், உங்கள் பேரன் காலத்தில் பக்கத்துக் காட்டுக்குள் போய் நிற்கும். அதோடு, பலாவும் சில்வர் ஓக்கும் மூடிய பள்ளத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை மரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வந்து பொய் சொல்லும். திருத்தத் தகவல் கைப்பேசிக் கோபுரம் வழியாக வர வேண்டும். வளைவு ஏற ஏற அந்தக் கோபுரம் எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் கருவி இல்லாமல் அந்தக் குடியானவர் தன் எல்லையைப் பார்க்க முடிய வேண்டும். கல் இருந்தால் அவர் காலை எழுந்து போய்ப் பார்ப்பார். எண் இருந்தால் உங்களுக்கு மனு எழுத வேண்டும்.

வனத்துறை ஓரத்தில் இது வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்டது. பட்டாக் காட்டுக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவில் கல் இல்லாத இடத்தில், தாத்தா உழுத நிலத்தை உழுகிறவர்மேல் ஆக்கிரமிப்பு வழக்கு விழ முடியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்டு மனுப் போட்டாலும் எந்த இடம் என்று காட்ட ஒரு நிலையான புள்ளி வேண்டும். வனத்துறைக்குத் தனி எல்லைக்கல், வருவாய்த்துறைக்குத் தனி எல்லைக்கல். இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று இரண்டு துறையும் சேர்ந்து ஒரே நாளில் நடந்து பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒரு கூட்டு நடைக்கு வனச்சரகரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். மேலிருந்து உத்தரவு வரட்டும் என்று இருந்தால் வராது.

சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு அரசுப் பணம் இல்லாத இடத்தில் லஞ்சம் முளைக்கிறது. ‘கல் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள், குழி தோண்ட ஆள் வையுங்கள், வண்டிக்கு ஏற்பாடு பண்ணுங்கள்’ என்று நியாயமாகத் தொடங்குகிற பேச்சுத்தான், இரண்டாவது வாக்கியத்தில் ‘கல்லுக்கும் சேர்த்து என்னிடமே கொடுத்துவிடுங்கள்’ என்று திரும்புகிறது. ரசீது இல்லாத செலவு ஒன்று நடுவில் இருக்கும்வரை அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நம் துறைக்கு இருக்கிற கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்தச் சந்துக்குள்தான் உற்பத்தியானது. கல்லுக்கும் கூலிக்கும் அரசே விலை நிர்ணயித்து, கட்டணத்தோடு வாங்கி, ரசீது கொடுத்துவிட்டால் இந்தச் சந்து அடைபடும். அது வரும்வரை, மனுதாரர் கல் வாங்கினால் கடைக்காரரிடம் அவர் பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள். கூலியை அவர் கையாலேயே கொடுக்கட்டும். நீங்கள் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். மலையில் ஒரு தடவை தொட்டால், நாடு என்று அங்கே சொல்லும் எல்லா ஊர்ப் பிரிவுக்கும் செய்தி போய்விடும். வளப்பூர் நாட்டில் நடந்தது வாழவந்தி நாட்டுச் சந்தையில் அன்றைக்கே பேச்சாகும்.

இனி, காசு கேட்பது எப்படி என்று சொல்கிறேன். ‘கற்கள் காணவில்லை, நிதி ஒதுக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போய்த் தூங்கும். எண்ணோடு கேளுங்கள். ஒரே நேரத்தில் எல்லாப் புலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராம எல்லைகள் கூடுகிற முச்சந்திக் கற்களை முதலில் பாருங்கள். அவை நின்றால் உள்ளே போனதை எப்படியும் மீட்கலாம். அவை போனால் உள்ளே இருப்பதும் நம்பிக்கை இழக்கும். நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பும்போதும் அவரோடு போகிற நில அளவர் தேடுவது இந்த நிலையான புள்ளிகளைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்: இருக்கிறது, சாய்ந்திருக்கிறது, புதைந்திருக்கிறது, இல்லை. இல்லாததற்கு எதனால் என்று ஒரு சொல்: சாலை, மண்சரிவு, உழவு, தெரியவில்லை. கடைசியில் அதைத் திரும்ப நடக் கல், சுமைகூலி, ஆள் கூலி. அவ்வளவுதான்.

‘சாலை’ என்று எத்தனை வரி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் ஆயுதம். மரம் வெட்டினால் அதற்கு ஈடாக மரம் நட மதிப்பீட்டில் பணம் வைக்கிறார்கள். மின்கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் இடம் மாற்ற அதே மதிப்பீட்டில் பணம் வைக்கிறார்கள். நில அளவைக் கல்லைப் பெயர்த்தால் திரும்ப நட அதில் ஒரு வரி வைக்க முடியாதா? புதுச் சட்டம் வேண்டாம், புதுத் திட்டம் வேண்டாம். பெயர்க்கிறவர் நட வேண்டும், அவ்வளவே. பதிவுக் கட்டணத்திலிருந்து நிதி என்பது சட்டமன்றம் வரை போக வேண்டிய பேச்சு. இது ஒரு கோட்டப் பொறியாளரின் மேசையில் முடிகிற விஷயம்.

ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் ஆட்சியரோ அவர் நியமிக்கிற அதிகாரியோ கிராமக் கணக்குகளோடு நில அளவைச் சங்கிலியையும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். மறுநாள் செய்தித்தாளில் படமும் வரும். சங்கிலியை நீட்டுகிற அந்த நேரத்தில் உங்கள் பட்டியலையும் நீட்டுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்; உங்களை விட்டுவிட்டு அவரும், அவரை விட்டுவிட்டு நீங்களும் கேட்டால் இரண்டும் நிற்காது. ஒரு நகலை வட்டாட்சியரிடமும், ஒன்றை நெடுஞ்சாலைக் கோட்டத்திலும், ஒன்றை வனச்சரக அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காரவள்ளிச் சாலையில் அடுத்த வேலை தொடங்கி ஜே.சி.பி. ஏறுவதற்கு முன்னால் அந்தப் பட்டியல் ஒப்பந்தக்காரர் கையில் இருக்க வேண்டும். இந்த வருடமே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு நில அளவர்